புழுவின் குஞ்சு குறைந்தால் நாங்கள் மீன்கறியை நிறுத்த வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மீதைல் பாதரசம் ஆய்வுகூடப் புழுக்களின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறது, குஞ்சுகள் குறைகின்றன என்று படித்தேன். அதே பாதரசம் கடல் மீனிலும் இருக்கிறதாம். கலியாணமாகி ஒன்றரை வருடம், இன்னும் பிள்ளை தங்கவில்லை. எங்கள் வீட்டில் கிழமைக்கு ஐந்து நாளும் மீன்தான். மாமியோ சுறா வறை சாப்பிடு, உடம்புக்கு நல்லது என்கிறார். மீனை அடியோடு நிறுத்திவிடவா?"

தங்கச்சி, புழுவைப் பற்றிக் கேட்டாலும் உங்கள் மனத்தில் இருக்கிற கேள்வி வேறு: நான் சாப்பிட்ட மீன்தான் பிள்ளை தங்காததற்குக் காரணமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புழு ஆய்வை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. மீனை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எந்த மீன் என்பதில் இப்போதே கவனம் வேண்டும், அதற்கான காரணம் புழுவிடம் இல்லை, மனிதரிடமே கண்டது. நான் விலங்கியலும் நஞ்சியலும் படித்து, இந்தப் புழுவோடு பல வருடம் ஆய்வுகூடத்தில் வேலை செய்து, பிறகு ஊரில் படிப்பித்தவன். வைத்தியர் இல்லை. ஆகவே புழுவைப் பற்றிச் சொல்வதை என் தொழிலிலிருந்தும், மனிதரைப் பற்றிச் சொல்வதை வாசித்துச் சரிபார்த்ததிலிருந்தும் சொல்கிறேன்.

அந்தப் புழுவின் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். வளர்ந்தது 1 மில்லிமீற்றர் நீளந்தான். மக்கிய இலைகுழைகளில் பற்றீரியாவைத் தின்று வாழும். எங்கள் தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சு விழுத்துகிற புழுவுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் பயிருக்கோ ஆளுக்கோ ஒரு கெடுதலும் செய்யாது. 1960களில் சிட்னி பிரென்னர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜில் இதைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் வளர்க்கிறார்கள். 20 பாகை வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த புழுவாக மூன்றரை நாள் போதும். உடல் ஊடுதெரிவதால் உயிரோடு வைத்தே உள்ளே உள்ள முட்டைகளை நுணுக்குக்காட்டியில் எண்ணலாம். பெரும்பாலானவை இருபாலிகள்: ஒரே புழு முதலில் ஏறத்தாழ முந்நூறு விந்தணுக்களைச் செய்து சேர்த்து வைத்துவிட்டு, பிறகு சூல் உண்டாக்கத் தொடங்கும். அதனால்தான் ஒரு புழுவுக்குக் குஞ்சுகளும் முந்நூறு அளவில் நின்றுவிடுகின்றன. நஞ்சு ஒன்று இனப்பெருக்கத்தைத் தொடுகிறதா என்று பார்க்க இவ்வளவு வசதியான பிராணி வேறு குறைவு.

பரிசோதனை இப்படித்தான் நடக்கும். கடைசிக் குடம்பிப் பருவத்தில் உள்ள புழுக்களை ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஏகார் தட்டில் விடுவோம் (ஏகார் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கிற கட்டிக் கூழ்). சில தட்டுகளுக்குப் பாதரசம், சிலவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் தாய்ப் புழுவை மெல்லிய பிளாற்றினக் கம்பியின் நுனியில் தூக்கிப் புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் தாயையும் பிள்ளைகளையும் பிரித்தறிய முடியாமல் போய்விடும். பழைய தட்டில் எத்தனை குஞ்சு, எத்தனை பொரிக்காத முட்டை என்று அடுத்த நாள் எண்ணுவோம். தாய் முட்டையிட்டு ஓயும்வரை இது தொடரும். கை நடுங்கினால் புழு கிழிந்துவிடும், கம்பி ஏகாரைக் குத்தினால் புழு அந்தத் துளைக்குள் புகுந்து ஒளிந்துவிடும். பொறுமை கேட்கிற வேலை.

இதில் மீதைல் பாதரசம் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பது உண்மை. கனிமப் பாதரசமான மேர்க்கூரிக் குளோரைட்டையும் மீதைல் பாதரசத்தையும் (மீனில் சேர்கிற வடிவம் இதுதான்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், உணவு உண்பது, அசைவது, இனம் பெருக்குவது மூன்றிலும் மீதைல் வடிவந்தான் கூடுதலாகத் தாக்கியது. பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் பெரிய நாட்டம். கலத்துக்குள் போனதும் புரதங்களில் உள்ள கந்தகக் கூட்டங்களைப் பிடித்துக்கொள்ளும், நச்சை முறிக்கக் கலம் வைத்திருக்கிற குளூற்றத்தயோனைக் காலியாக்கும், கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கிற நுண்குழாய்களைக் குலைக்கும். புழுவில் ஓயாமல் கலங்கள் பிரிந்துகொண்டிருக்கிற இடம் சூலகம். அது பாதிக்கப்படுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் "குஞ்சு குறைந்தது" என்ற ஒரு வரிக்குள் பல கதைகள் ஒளிந்திருக்கும், செய்தியாகச் சுருக்கும்போது அவைதான் முதலில் விழுந்துபோகின்றன. கோழி வளர்த்தவருக்கு இது சட்டென்று விளங்கும்: முட்டை குறைந்ததா, கூழ்முட்டை கூடியதா என்பது இரண்டு வேறு நோய். புழுவிலும் அப்படித்தான். சூல் உண்டாகாமல் போகலாம். உண்டான சூல் கருக்கட்டாமல் போகலாம். கருக்கட்டிய முட்டை பொரிக்காமல் சாகலாம். முட்டையை வெளியே தள்ளுகிற தசையும் நரம்பும் தளர்ந்து, முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்துத் தாயைத் தின்று வெளியே வருவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரே எண்தான் விழும்.

இன்னுமொன்று, இது பெரிய சங்கதி. பாதரசம் பட்ட புழு சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். அதன் தொண்டை நிமிடத்துக்கு எத்தனை தடவை துடித்துப் பற்றீரியாவை உறிஞ்சுகிறது என்பதை எண்ணலாம், அந்த எண் விழும். பட்டினி கிடக்கிற புழு பாதரசம் இல்லாவிட்டாலும் குறைவாகத்தான் முட்டையிடும். அப்படியென்றால் குஞ்சு குறைந்தது நஞ்சு சூலகத்தைத் தொட்டதாலா, பசியாலா? வளர்ச்சி தாமதமாவதும் இதேபோலக் கணக்கைக் குழப்பும்: மூன்றாம் நாள் எண்ணி நிறுத்தினால், பிந்தி வளர்கிற புழு பிள்ளை பெறாத புழுவாகத் தெரியும். நல்ல ஆய்வு இவற்றைப் பிரித்துப் பார்க்கும். நஞ்சு படாத ஆண் புழுவோடு சேர்த்துப் பார்த்தால் குறை விந்திலா சூலிலா என்று தெரியும். சாயமிட்டுப் பார்த்தால் சூலகத்தின் வளைவில் தாமாகவே இறக்கிற கலங்கள் எவ்வளவு என்று தெரியும். அங்கே பாதிக் கலங்கள் சாதாரணமாகவே இறப்பவைதான், அந்த அளவு எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. இனி இப்படி ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தால் இவற்றைப் பிரித்துப் பார்த்தார்களா என்று தேடுங்கள். பார்க்கவில்லையென்றால், பாதரசம் கெடுதல் செய்தது என்பது மட்டும் உறுதி, இனப்பெருக்க உறுப்பை நேரே தாக்கியது என்பது உறுதியில்லை.

மீதைல் பாதரசத்தைக் கொடுத்த எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. 2009இல் வெளியான ஒன்றில் புழுக்கள் பாதரசத்தை உடலில் சேர்த்தன, சில செத்தன, வளர்ச்சி பிந்தியது. ஆனால் வளர்கிற நரம்பு மண்டலம் பெரும்பாலும் தாக்குப்பிடித்து நின்றது. நரம்பு மண்டலத்தின் அமைப்பு பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. மனிதரில் நடப்பது இதற்கு நேர் எதிர். எங்களுக்குள் மீதைல் பாதரசம் மிக எளிதாகப் பாதிக்கிற இடம் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை. உங்கள் கேள்விக்கான பதிலின் நடுப்புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன். புழுவை அப்படியே மனிதராக வாசித்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்: பிள்ளை தங்காது என்று தேவையில்லாமல் பயப்படுவீர்கள், குழந்தையின் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று தேவையில்லாமல் நிம்மதியாக இருப்பீர்கள்.

அளவையும் பாருங்கள். புழுக்களுக்குப் பொதுவாக மைக்கிரோமோல் கணக்கில் கொடுப்பார்கள். லீற்றருக்கு 10 மைக்கிரோமோல் என்றால் ஏறத்தாழ 2,000 மைக்கிரோகிராம் பாதரசம். மனித இரத்தத்தில் லீற்றருக்கு 5.8 மைக்கிரோகிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று அமெரிக்காவில் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். முந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் இந்த இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதும் முழுச் சரியில்லை, புழுவின் தடித்த புறத்தோல் நஞ்சை அவ்வளவு இலகுவாக உள்ளே விடாது, கரைசலில் உள்ளது முழுவதும் உடலுக்குள் போவதில்லை. ஒரு நஞ்சு எந்த வழியால் வேலை செய்கிறது என்று காட்டப் புழு நல்ல துணை. கிழமைக்கு எத்தனை துண்டு மீன் சாப்பிடலாம் என்று அதனால் சொல்ல முடியாது.

அதை மனிதரிடம்தான் கேட்க வேண்டும். மனிதர் மிகக் கொடூரமான விலை கொடுத்துத்தான் அந்தப் பதில் கிடைத்தது. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. அங்கத்தைய மீனையும் மட்டியையும் உண்ட மீனவக் குடும்பங்களில் 1956இல் நோய் அடையாளம் காணப்பட்டது. தாய்மாருக்கு அறிகுறி மிகக் குறைவாக, சிலருக்கு இல்லவேயில்லாமல் இருக்க, அவர்கள் பெற்ற குழந்தைகள் கடும் மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்கும் என்று அதுவரை வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். இப்போது தெரியும், மீதைல் பாதரசம் உணவில் உள்ள ஓர் அமினோ அமிலம்போல வேடமிட்டு நஞ்சுக்கொடியைக் கடந்துவிடுகிறது, தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு சேர்கிறது. நச்சின் உச்சக் காலத்தில் அந்த நகரில் பிறந்த ஆண் குழந்தைகளின் பங்கு குறைந்திருந்ததாகவும் பிற்காலத்தில் கணக்குப் பார்த்துக் கண்டார்கள். 1971-72இல் ஈராக்கில் பாதரசப் பூஞ்சைகொல்லி பூசிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிகளில் மட்டும் 459 பேர் இறந்தார்கள்.

இவை பேரழிவுகள். அன்றாடம் மீன் சாப்பிடுகிறவர்களில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. வட அத்திலாந்திக்கிலுள்ள பரோ தீவுகளில் திமிங்கில இறைச்சியும் உண்கிற தாய்மாரின் பிள்ளைகளை ஏழு வயதில் சோதித்தபோது மொழி, கவனம், ஞாபகம் ஆகியவற்றில் சிறிய குறைகள் தெரிந்தன. சீஷெல்ஸ் தீவுகளிலோ கிழமைக்குப் பன்னிரண்டு வேளை அளவில் கடல் மீன் உண்கிற தாய்மாரின் பிள்ளைகளில் அப்படித் தெளிவான பாதிப்பு காணப்படவில்லை. சீஷெல்ஸ் எங்களைப்போல மீன் உண்கிற இந்து சமுத்திரத் தீவு என்பதால் அந்த முடிவு எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தருகிறது. மீனிலுள்ள நல்ல கொழுப்பும் செலனியமும் ஓரளவு ஈடு செய்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது நியாயமான ஊகம், நிரூபணம் அளவுக்குப் போகவில்லை.

பிள்ளை தங்குவது பற்றியும் இரண்டு பக்கமும் சான்று உண்டு. ஹொங்கொங்கில் பிள்ளையில்லாத தம்பதிகளின் இரத்தத்தில் மற்றவர்களைவிடப் பாதரசம் கூடுதலாக இருந்ததாக 2002இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் ஒரே நேரத்தில் இரத்தத்தை எடுத்துப் பார்க்கும் ஆய்வு எது காரணம் என்று காட்டாது. அமெரிக்காவில் மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் பிள்ளைக்கு முயன்ற 500 தம்பதிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் கடலுணவு உண்டவர்களில் 92 வீதமானோர் ஒரு வருடத்துக்குள் கருத்தரித்தார்கள், குறைவாக உண்டவர்களில் 79 வீதம். மீன்தான் அதைச் செய்தது என்று இதுவும் நிரூபிக்காது, ஆனால் பிள்ளைக்காக மீனை நிறுத்து என்று சொல்ல இதில் ஒரு நியாயமும் இல்லை.

சரி, எந்த மீன்? உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த எல்லை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிழமைக்கு 1.6 மைக்கிரோகிராம் மீதைல் பாதரசம். 55 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 88 மைக்கிரோகிராம். அமெரிக்க அரசின் அளவீடுகளில் சுறாவுக்குச் சராசரி கிராமுக்கு 1 மைக்கிரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட சுறாவில் 90 கிராம் சாப்பிட்டால் ஒரு கிழமைக்கான அளவு முடிந்துவிடும். சூடை, சாளை வகையோடு ஒத்த மத்தி மீன்களுக்கு அதே பட்டியலில் கிராமுக்கு 0.013தான். அதில் ஆறரைக் கிலோ சாப்பிட்டால்கூட எல்லையைத் தொடாது. இவை அந்தக் கடலின் எண்கள், பாசையூரில் ஏலம் கூறுகிற மீனுக்கு அப்படியே பொருந்தாது, மீனின் வயதும் பருமனும் இடமும் மாற மாற எண்ணும் மாறும். ஆனால் எது கூட, எது குறைய என்ற வரிசை மாறாது. பாதரசம் சின்ன மீனிலிருந்து அதைத் தின்கிற மீனுக்கு, அதிலிருந்து அதையும் தின்கிற மீனுக்கு என்று ஏறி ஏறிச் சேர்கிறது. அதனால் நீண்ட காலம் வாழ்ந்து பிற மீனைத் தின்கிற பெரிய மீனில்தான் கூடுதல்.

சின்னக்கடையில் நின்று தெரிவு செய்வதாக வைத்துச் சொல்கிறேன். சூடை, சாளை, கீரி, நெத்தலி, மணலை, இறால், கணவாய் எல்லாம் தாராளமாக வாங்குங்கள். ஓரா கடற்பாசி மேய்கிற மீன், அதுவும் நல்லது. நண்டும் பரவாயில்லை, ஒடியல் கூழுக்கு வழக்கம்போலப் போடலாம். அறக்குளா, சீலா, கலவாய் போன்றவை சின்னதாக இருந்தால் இடைக்கிடை சாப்பிடலாம், வெட்டித் துண்டு போடுகிற பெரிய அறக்குளா என்றால் கிழமைக்கு ஒரு வேளையோடு நிறுத்துங்கள். பெரிய சுறாவும், தளப்பத்து என்கிற நீண்ட மூக்குள்ள பெரிய மீனும் பிள்ளைக்கு முயல்கிற காலத்திலும் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் வேண்டாம். கழுவியோ, புளி விட்டோ, பொரித்தோ பாதரசத்தைப் போக்க முடியாது, அது தசைப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கருவாட்டில் தண்ணீர் வற்றிவிடுவதால் கிராம் கணக்கில் பாதரசம் கூடும், ஆகவே சுறாக் கருவாட்டையும் அதே கணக்கில் சேருங்கள்.

மாமியின் பேச்சுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கப் பால்சுறா வறை கொடுப்பது எங்கள் ஊரின் பழைய பழக்கம், அக்கறையில் வந்தது. சின்னப் பால்சுறாவில் பெரிய சுறா அளவுக்குப் பாதரசம் சேர்ந்திருக்காது, தாய்ப்பால் வழியாகப் போவதும் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. ஆகவே பிள்ளை பிறந்த பிறகு இடைக்கிடை கொஞ்சம் சாப்பிட்டால் நான் தடுக்க மாட்டேன். இப்போது மட்டும் வேண்டாம் என்கிறேன். அதே வறையை வேறு மீனிலும் செய்யலாம், மாமியின் மனமும் நோகாது.

இப்போதே மாற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. மீதைல் பாதரசம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐம்பது நாள் எடுக்கும். இன்று பெரிய மீனை விட்டால் ஆறு மாதத்தில் பழைய சேமிப்பில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. குழந்தையின் மூளை உருவாகத் தொடங்குவது நீங்கள் கருத்தரித்ததை அறிகிறதற்கு முன்பே என்பதால், தங்கின பிறகு பார்க்கலாம் என்று விடுவது நல்லதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முகத்தை வெள்ளையாக்கும் என்று விற்கிற, என்ன சேர்த்தார்கள் என்ற விவரம் இல்லாத கிறீம்களில் கனிமப் பாதரசம் இருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மீன் விசயத்தில் "அளவாக" என்று சொன்னேன், இதில் அளவே கிடையாது, இருந்தால் எறிந்துவிடுங்கள். இரசம் (பாதரசந்தான்), இலிங்கம் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது) சேர்த்த பற்பம், செந்தூரம் போன்ற நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களென்றால் பிள்ளைக்கு முயல்வதை உங்கள் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லையென்றால் இருவரும் வைத்தியரைப் பார்க்க வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. நீங்கள் ஒன்றரை வருடம் கடந்துவிட்டீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசி போலிக் அமிலக் குளிசையைத் தொடங்குங்கள். காரணங்களின் பட்டியலில் பாதரசம் மிகக் கீழே இருக்கிறது, மேலே இருப்பவை சூல் வெளிவருவதில் ஒழுங்கின்மை, தைரொயிட் குறை, குழாய் அடைப்பு, ஆணின் விந்துக் குறைபாடு. எங்கள் ஊரில் பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுப்பதைப் பார்த்து எனக்கு மனவருத்தம் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் முதலில் விந்துப் பரிசோதனை ஒன்றைச் செய்யட்டும். எல்லாச் சோதனைகளிலும் அதுதான் இலகு, வலியும் இல்லை.